மண்ணில் படுத்த மன்னனும் தாளில் நடந்த வேதாளமும்

கோடு போட்ட கதை – 11

சென்ற இதழ் கீழ்வாலைப் பாறையில் பறவை முகத்தோடு நிற்கும் செங்காவி மனிதர்களோடு முடிந்தது. அங்கிருந்து செஞ்சிப் பக்கம் வந்தால் தொண்டூரில் ஒருவர் படுத்திருக்கிறார். பாறையில் வெட்டிய திருமால், பாம்பணை மேல் கிடக்கும் கோலம், பல்லவர் காலத்துக் கைவேலை. அதே ஊரில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் இருப்பதால் வரலாற்று ஆர்வலர்கள் பெரும்பாலும் படுக்கைகளைத் தேடித்தான் வருகிறார்கள். சித்திரக்காரர்களின் கதையைச் சொல்லும் இந்தத் தொடருக்கு வேண்டியவர் அந்தப் படுத்திருப்பவர்தான்.

ஏனென்றால் இதே செஞ்சிச் சீமையில் ஆண்டுதோறும் வெயில் காலத்தில் இன்னொருவரும் படுப்பார். திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசி நாள். பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக ஊர் நாள்கணக்கில் விழித்துக் கிடந்து, படுகளத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். கோயிலுக்கு முன்னால் திறந்த வெளியில் மண்ணைக் கொட்டி, நீர் தெளித்து, மிதித்து, கையால் அணைத்து ஒரு மலை மனிதனை உண்டாக்குவார்கள். அவன் துரியோதனன். முறுக்கிய மீசை, விரிந்த விழி, மார்பில் பதக்கம், பக்கத்தில் கதாயுதம். தலைமாட்டில் நிற்பவருக்குக் கால் விரல் சரியாகத் தெரியாத நீளம். தொடையில் ஒரு கலயம் புதைந்திருக்கும். பீமன் வேடக்காரர் அடித்ததும் அதிலிருந்து செந்நீர் கசியும். அதைத் தொட்டுத்தான் பாஞ்சாலி கூந்தலை முடிப்பாள். பிறகு அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டு போவார்கள், நெல் பெருகும் என்று. அன்று பொழுது சாய்வதற்குள் அந்த மாபெரும் உருவம் வெறும் மண்மேடாகிவிடும்.

செஞ்சிக்கு அருகே உள்ள மேலச்சேரி திரௌபதி வழிபாட்டின் மூலத்தலங்களில் ஒன்று. ஆல்ஃப் ஹில்டெபைடல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரிய நூலின் முதல் பகுதிக்குச் செஞ்சியின் பெயரையே வைத்தார். 1988இல் வந்த நூல் அது. அதில் கோயில்களுக்கும் கூத்துக்கும் வாய்த்த கவனம் மண்ணைக் குழைத்த அந்தக் கைகளுக்கும் உரியது. கல்லில் திருமாலை வெட்டியவரும் மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்தவரும் ஒரே சிக்கலைத் தீர்த்தவர்கள். கண்ணால் காண முடியாத ஒருவனுக்கு உடல் கொடுக்க வேண்டும், அந்த உடலுக்குப் பாரம் இருக்க வேண்டும். படுத்த உடம்பின் எடை முழுவதும் தரையில் இறங்குகிறது. தோள் அமுங்கும், இடுப்பு சரியும், பாதம் ஒருக்களிக்கும். இதைப் பார்த்துப் பழகாத கை செய்தால் நிற்கிற பொம்மையைச் சாய்த்து வைத்ததுபோல் இருக்கும். பாரம் விழுந்தால்தான் பார்ப்பவர் நம்புவார்.

தமிழ்ப் பத்திரிகைகளில் அரக்கனையும் வேதாளத்தையும் மாயாவியையும் வரைந்தவர்களைப் பற்றி இந்த இதழில் சொல்ல வேண்டியதெல்லாம் இந்தப் பாரத்தில்தான் தொடங்குகிறது.

முதலில் அச்சில் வந்தது பாரமில்லாத படம். சென்னைக் கொண்டித்தோப்பில் பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போட்ட பெரிய எழுத்துப் புத்தகங்கள் திருவிழாக் கடைகளிலும் சந்தைகளிலும் விற்றன. நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, மதுரைவீரன் கதை என்று போகும் அந்த வரிசையில் செஞ்சிக்கு உரியது தேசிங்குராஜன் கதை. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் விளக்கு வெளிச்சத்தில் பத்துப் பேருக்கு வாசித்துக் காட்டுபவருக்கும் ஏற்றபடி எழுத்து பருமனாக இருக்கும். நடுநடுவே மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம். கோடு முரடு, முகத்தில் நிழல் கிடையாது, குதிரையின் நான்கு கால்களும் ஒரே தளத்தில். ஒரு கதையில் மன்னனாக வந்த கட்டை இன்னொரு கதையில் வேறொரு மன்னனாக வருவதும் அந்த அச்சுலகில் வழக்கம்தான். வாசகர் மனம் கோணியதில்லை. படத்தில் குறைந்ததைப் பாட்டுச் சொல்லும் குரல் நிரப்பியது.

அந்தக் கட்டைகளைச் செதுக்கியவர்கள் யார் என்று படத்தின் ஓரத்தில் தேடினாலும் பெயர் இருக்காது. படுகளத்து மண்ணைப் போலவே.

பெயர் வந்தது வாரப் பத்திரிகை வந்த பிறகு. ஆனந்த விகடனில் ஓவியர் மாலியின் கோடு சிரிக்க வைத்தது. அவர் நிழலில் இளையவர்கள் வளர்ந்தார்கள். இங்கே ஓர் ஆண்டை அடிக்கோடிட வேண்டும்: 1924. அந்த ஒரே ஆண்டில் மூன்று பேர் பிறந்தார்கள். ஜனவரியில் மணியம் என்று பெயர் பெற்ற டி.யு. சுப்பிரமணியம். ஜூனில் தஞ்சாவூரில் கோபுலு என்ற கோபாலன். ஜூலையில் தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவு கிராமத்தில் கே.சி. சிவசங்கரன். தமிழ் வீடுகளில் அரசனும் அரக்கனும் அம்மாவும் மாமியாரும் எப்படி இருப்பார்கள் என்று அரை நூற்றாண்டுக்கு முடிவு செய்த மூன்று கைகள் ஒரே வயதுக் கைகள்.

மணியத்தை நினைத்தால் 'பொன்னியின் செல்வன்' நினைவுக்கு வரும். 1950 அக்டோபரில் கல்கியில் தொடங்கிய அந்தத் தொடருக்கு வாரந்தோறும் அவர் வரைந்தார். வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் பூங்குழலிக்கும் முகம் கொடுத்தவர் அவர். ஆசிரியர் கல்கியோடு இலங்கைக்குப் பயணம் போய்ப் பார்த்து வந்து வரைந்தவர். 44 வயதில், 1968இல், போய்விட்டார். கோபுலு 2015 வரை இருந்தார். 'தில்லானா மோகனாம்பாள்' தொடரில் நாகசுரம் பிடித்திருக்கும் விரல்களையும் வெற்றிலைப் பெட்டியையும் சதிர்க் கச்சேரிக் கூட்டத்தையும் அவர் வரைந்ததைப் பார்த்தால் தஞ்சாவூர்த் தெருவில் நின்றது போலிருக்கும். இவர்களுக்கு ஐந்து வயது மூத்தவர் நாமக்கல்லில் பிறந்த சில்பி. 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற வரிசைக்காக ஊர் ஊராகப் போய்க் கோயில் சிலைகளுக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தவர். கல்லின் வழுவழுப்பையும் மூக்கு உடைந்த இடத்தையும் ஒரே பேனாவில் காட்டியவர். இவர்களைப் பற்றித் தனித்தனியே ஓர் இதழ் வேண்டும், வரும்.

இந்த வாரம் சிவசங்கரனுடையது. பத்திரிகையில் அவர் பெயர் சங்கர்.

பிள்ளையாகச் சென்னைக்கு வந்து முத்தியாலுப்பேட்டைப் பள்ளியில் படித்தார். மேலே பி.ஏ. படிக்க வேண்டாம், ஓவியப் பள்ளிக்குப் போ என்று அங்கிருந்த ஓவிய ஆசிரியர் வற்புறுத்தியதைப் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். எழும்பூரில் இருந்த அரசு ஓவியப் பள்ளிக்கு அப்போது முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். அந்தச் சிலையை ஒருமுறை பின்பக்கமாகப் போய்ப் பார்க்க வேண்டும். பாறையைப் புரட்டும் நால்வரின் முதுகிலும் கெண்டைக்காலிலும் பாறையின் எடை தெரியும். சிலை 1959இல் நிறுவப்பட்டது, சங்கர் படித்து முடித்ததோ 1946இல். ஆனால் அந்தப் பாரத்தை உடம்பில் காட்டும் வித்தையை ராய் சௌத்ரியின் பள்ளியிலிருந்துதான் அவர் எடுத்து வந்தார் என்று அவருடைய புகழ்பெற்ற படம் சாட்சி சொல்கிறது.

படித்து முடித்ததும் 'கலைமகள்'. பிறகு 1950களின் தொடக்கத்தில் 'அம்புலிமாமா'.

அந்தப் படத்தைப் பார்த்திராத தமிழர் ஒரு தலைமுறையில் குறைவு. சுடுகாடு. இரவு. ஒரு கையில் உருவிய வாளோடு விக்கிரமன் நடக்கிறான். தோளில் பிணம். தரையில் மண்டையோடு. பிணத்துக்குள் புகுந்திருக்கும் வேதாளம் கதை சொல்லப் போகிறது. கேள்வி கேட்கப் போகிறது. மன்னன் வாய் திறந்ததும் மறுபடி முருங்கை மரத்துக்குப் பறக்கப் போகிறது. சிறுவர்கள் பயந்தது வேதாளத்துக்கு. பெரியவர்களாகிப் பழைய இதழை எடுத்துப் பார்க்கும்போது கண் நிற்பது அந்தப் பிணத்தில். அது தொங்குகிறது. எலும்பு பிடிப்பு விட்ட உடம்பு எப்படித் தோளில் மடிந்து விழுமோ அப்படி விழுந்திருக்கிறது. கை தனக்கென்று ஓர் எண்ணமில்லாமல் கீழே சரிந்திருக்கிறது. அதைச் சுமப்பவனோ நிமிர்ந்திருக்கிறான். பாரம் இருக்கிறது, அவன் அதற்கு வளையவில்லை. விக்கிரமனின் பிடிவாதத்தைச் சொல்லக் கதாசிரியருக்கு ஒரு பத்தி வேண்டியிருந்தது. சங்கருக்கு ஒரு தோள் போதுமானது.

மூலக்கதையில் வேதாளம் சொன்ன கதைகள் இருபத்தைந்துதான். பத்திரிகையில் அவை தீர்ந்த பின்னும் வாசகர் விடவில்லை. அதே சட்டத்துக்குள் புதுப்புதுக் கதைகளை ஆசிரியர் குழு எழுதிக்கொண்டே போனது. மாதம் தவறாமல் விக்கிரமன் மரம் ஏறினான், மாதம் தவறாமல் சங்கர் வரைந்தார். ஒரே காட்சியைப் பல பத்தாண்டுகள் வரைய நேர்ந்த ஓவியர் சலித்துப்போய்க் கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். சங்கர் அப்படிச் செய்யவில்லை. கதைக்குள்ளே வரும் வணிகன் வீட்டுத் திண்ணை, கிணற்றடி, தறி, மாட்டின் கழுத்துமணி, கிழவியின் காதில் தொங்கும் தண்டட்டி எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்ததாகவே இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் படம் என்பது 'அம்புலிமாமா'வின் விதி. அந்த விதியைக் காக்க ஓவியர் எவ்வளவு குனிந்திருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பத்திரிகை நின்றுபோகும் காலம் வரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அங்கேயே வரைந்தார். 2020 செப்டம்பர் 29இல் 96 வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவர் இருக்கும்போதே வந்திருக்க வேண்டிய விருது அது.

'அம்புலிமாமா' பிறந்தது 1947 ஜூலையில், தெலுங்குச் 'சந்தமாமா'வோடு இரட்டைப் பிள்ளையாக. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கியது. பிறகு இந்திய மொழிகள் பலவற்றுக்கும் போனது, சிங்களத்துக்கும் போனது. எழுத்து மாறியது, படம் மாறவில்லை. வடபழனியில் வரைந்த ஒரு தோள், ஒரியாவிலும் மராத்தியிலும் குஜராத்தியிலும் அதே பிணத்தைச் சுமந்தது. சங்கரின் பெயர் தெரியாத ஊர்களில் சங்கரின் விக்கிரமனைத் தெரிந்தவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள்.

இந்த வடபழனி முகவரியை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். நாகி ரெட்டியும் சக்கரபாணியும்தான் விஜயா படநிறுவனத்துக்காரர்கள். 'பாதாள பைரவி' 1951, 'மாயாபஜார்' 1957. பூமிக்கடியில் பைரவி காத்திருக்கும் குகையையும், கடோற்கஜனின் மாயையால் எழும்பும் மாளிகையையும் கட்டிக் காட்டிய கோகலே, கலாதர் என்ற கலை இயக்குநர்களும் கோட்டில் தேர்ந்த ஓவியர்கள். பத்திரிகையும் படப்பிடிப்புத் தளமும் ஒரே முதலாளிகளின் கையில் இருந்தன. தமிழ், தெலுங்குப் பிள்ளைகளின் மாய உலகம் பெருமளவுக்கு இந்த ஒரு வட்டாரத்தில், ஏறத்தாழ ஒரே காலத்தில், மையிலும் பிளாஸ்டரிலும் உருவானது.

சங்கருக்கு முன்பே அங்கே இருந்தவர் 'சித்ரா'. முழுப்பெயர் டி. வீரராகவன். ஓவியப் பள்ளி வாசலை மிதிக்காதவர், தானே கற்றவர். தமிழில் கற்பனைச் சாகசத்துக்குப் படம் போட்டவர்களில் முதல் நாற்காலி அவருக்குத்தான் போட வேண்டும். தாசரி சுப்ரமண்யம் எழுதிய மாயத் தொடர்கதைகள் 1954இல் 'தோகச்சுக்க'வில், அதாவது வால்நட்சத்திரத்தில், தொடங்கின. அவை தமிழிலும் வந்தன. மந்திரவாதிகள், எரியும் தீவுகள், பாதாளக் கோட்டைகள், மனிதத் தலையும் வேறு உடலுமாகத் திரியும் உயிர்கள். ஒவ்வொன்றையும் மாதாமாதம் கண்ணுக்குக் கொண்டு வந்தது சித்ரா.

அவருடைய அரக்கர்களிடம் ஒரு குணம் உண்டு. பார்த்தவுடன் பயமாக இருக்கும், கொஞ்ச நேரம் பார்த்தால் தெரிந்தவராக இருக்கும். தொப்பை தொங்கும். தோல் மடியும். உட்காரும்போது தொடை பக்கவாட்டில் பிதுங்கும். விந்தை விலங்கு என்றால் யானையின் தோல், முதலையின் வால், காட்டுப்பன்றியின் பிடரி என்று கண்ணால் கண்ட பொருள்களின் ஒட்டாகவே இருக்கும். ஆனால் ஒட்டின இடம் தெரியாது. தெருக்கூத்தில் புஜக்கட்டையும் கிரீடமும் கட்டிச் சிவப்பு முகத்தோடு திரையை விலக்கி வரும் துரியோதனனைப் பார்த்தே வளர்ந்த செஞ்சிப் பக்கத்துப் பிள்ளைக்குச் சித்ராவின் அரக்கன் அந்நியமாகத் தோன்ற வழியில்லை. கூத்துக்காரர் கட்டையால் தோளைப் பெருக்குகிறார், சித்ரா கோட்டால் பெருக்குகிறார்.

அட்டைப்படங்கள் வேறு கைகள். மைசூர்க்காரரான எம்.டி.வி. ஆச்சார்யா வரைந்த மகாபாரதக் காட்சிகளை அட்டையைக் கிழித்துச் சட்டம் போட்டு மாட்டிய வீடுகள் உண்டு. அவருக்குப் பின் வந்தவர் வட்டாதி பாப்பையா, ஸ்ரீகாகுளத்துக்காரர், 1921இல் பிறந்தவர். மஞ்சளும் குங்குமச் சிவப்பும் மயில்நீலமும் அவர் அட்டையில் கலந்து கிடக்கும். ஆச்சார்யாவின் பீமன் கல்லில் நின்றவன் போன்றவன். பாப்பையாவின் பீமன் காற்றில் இருப்பான். இரண்டில் எதை விரும்பினார் என்பதை வைத்து அந்தக் காலத்து வாசகரின் வயதைச் சொல்லிவிடலாம்.

மாதம் ஒருமுறை பத்திரிகை வாங்க முடியாத வீட்டுக்கு டீக்கடை இருந்தது. 'தினத்தந்தி'யில் 1960இல் கன்னித்தீவு தொடங்கியது. சிந்துபாத், லைலா, மந்திரவாதி மூசா. ஓவியர் கணு. நாளுக்குச் சில கட்டங்கள்தான், அதற்குள் ஒரு பூதம் எழும்பும், ஒரு கப்பல் கவிழும், மீதி நாளைக்கு. தரம் மட்டமான காகிதம், வேகமாக ஓடும் இயந்திரம், நுண்கோடு போட்டால் மை அப்பிவிடும். எனவே கணுவின் கோடு தடித்தது, முகம் எளிது, பின்னணி வெறுமை. அச்சின் குறையை அறிந்து அதற்குள் வேலை செய்வது ஓவியத்தில் ஒரு தனித் திறமை. எழுத்தறியாதவர்கள் நாளிதழைக் கையில் எடுக்க அந்தக் கட்டங்கள் ஒரு காரணமாக இருந்தன. தமிழ்ச் சித்திரக்கதையின் வரலாற்றை எழுதுகிற எவரும் கன்னித்தீவைத் தாண்டிப் போகக் கூடாது.

அடுத்து சிவகாசி. 1972 ஜனவரியில் சௌந்திரபாண்டியனின் முத்து காமிக்ஸ் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டது. பட்டாசும் நாட்காட்டியும் தீப்பெட்டி லேபிளும் அடித்த ஊரிலிருந்து ஒரு பிரிட்டிஷ் சித்திரக்கதை தமிழ் பேசிக்கொண்டு வந்தது. 'வேலியன்ட்' என்ற லண்டன் வார இதழில் 1962இல் தொடங்கிய கதை. வரைந்தவர் ஆங்கிலேயர் அல்லர், பார்சிலோனாக்காரர், ஹெசூஸ் பிளாஸ்கோ.

கதைப்படி லூயிஸ் கிராண்டேலுக்கு ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். ஓவியருக்கு இதைவிடக் கடினமான வேலை கொடுக்க முடியாது. கதாநாயகனின் முகம் இல்லை, தோள் இல்லை, நடை இல்லை. அந்தரத்தில் ஒரு கை. அது கோபப்பட வேண்டும், தயங்க வேண்டும், களைக்க வேண்டும். பிளாஸ்கோ அதைச் செய்தார். கதவின் கைப்பிடியை நோக்கி நீளும்போது விரல்கள் விரிந்திருக்கும் அளவில் அவசரம் தெரியும். மேசை விளிம்பைப் பற்றும்போது தெரியாத உடம்பின் எடை முழுவதும் அந்த விரல்களில் வந்து நிற்கும். படுகளத்தில் மண்ணால் குவித்த பாரத்தை இவர் வெற்றிடத்தில் காட்டினார். கறுப்பை அள்ளிக் கொட்டி, வெளிச்சத்தை ஒரு கீற்றாக விட்டு வரையும் அவர் முறை மட்டமான தாளிலும் தப்பிப் பிழைத்தது. தமிழ்ச் சிறுவர்கள் அந்தக் கையை மறக்கவில்லை. ஓவியர் பெயரை மட்டும் நெடுங்காலம் அறியாமலே இருந்தார்கள். பிளாஸ்கோ 1995இல் இறந்தார்.

அதே முத்து காமிக்ஸில் லீ ஃபாக்கின் முகமூடி வீரனும் வந்தான். தமிழில் அவனுக்கு வைத்த பெயர் வேதாளர். மண்டையோட்டுக் குகை, தலைமுறை தலைமுறையாகச் சாகாதவன் என்ற நம்பிக்கை. இவற்றைத் தமிழாக்க முனைந்தவருக்கு முதலில் நினைவு வந்தது சுடுகாட்டு முருங்கைமரம்தான் என்பதில் வியப்பில்லை. சங்கரும் அவர் தோழர்களும் அந்தச் சொல்லுக்கு ஏற்றி வைத்த அச்சத்தை அமெரிக்க வீரன் இலவசமாகப் பெற்றுக்கொண்டான்.

1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் பிறந்தது. அதே குடும்பம், இப்போது ஆசிரியர் எஸ். விஜயன். அந்த வழியாகத் தமிழுக்கு வந்தவர்களில் ஒருவரைத் தனியே சொல்ல வேண்டும். கேப்டன் டைகர் என்ற பெயரில் 'தங்கக் கல்லறை' முதலிய கதைகளில் உலவிய பரட்டைத் தலைக் குதிரைப்படைக்காரனை வரைந்தவர் ழான் ழிரோ, பிரெஞ்சுக்காரர், 1938இல் பிறந்து 2012இல் மறைந்தவர். அதே மனிதர் மோபியஸ் என்ற இன்னொரு பெயரில் யாரும் காணாத கிரகங்களை வரைந்தார். 'ஏலியன்', 'டிரான்' ஆகிய ஹாலிவுட் படங்களின் வடிவமைப்பில் அவர் கை உண்டு. உலகம் முழுவதும் கற்பனை ஓவியர்கள் அவரை ஆசானாகக் கொண்டாடுகிறார்கள். தமிழ் வாசகருக்கு வாய்த்தது அவருடைய மண் சார்ந்த பாதி. வெயிலில் வெடித்த நிலம், தளர்ந்த குதிரையின் முழங்கால், சேணத்தின் வார், உடையில் படிந்த புழுதி. அந்தப் புழுதியை அவ்வளவு பொறுமையாகப் பார்த்தவரால்தான் கிரகாந்தரப் பாலைவனத்திலும் காலடி பதிய வைக்க முடிந்தது. அமெரிக்காவில் 1966 முதல் கோனான் கதைப் புத்தகங்களின் அட்டையில் வாளேந்திய காட்டுவீரனைத் தீட்டிப் புகழடைந்த ஃபிராங்க் ஃபிரசெட்டாவும் இதே கட்சிதான். அவருடைய பூதங்களின் பாதம் தரையில் அழுந்தும்.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தமிழ் இதழ்களின் அரச உலகம் பெரும்பாலும் நாடக மேடையிலிருந்தும் நாட்காட்டியிலிருந்தும் வந்தது. சோழனானாலும் பாண்டியனானாலும் ஒரே கிரீடம், ஒரே முத்துமாலை, ஒரே பட்டு. இதை மாற்றிப் பார்க்க முனைந்தவர் மதுரையில் பிறந்த டிராட்ஸ்கி மருது. சிறுவயதில் வெளிநாட்டுச் சித்திரக்கதைகளில் ஊறியவர், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர், காமிக்ஸ் ஓவியர்களைப் பற்றித் தமிழில் இடைவிடாமல் பேசி வருபவர். 'வாளோர் ஆடும் அமலை' என்ற நூலில் பழந்தமிழ் மன்னர்களை அவர் வரைந்திருக்கிறார். அந்த உடம்புகளில் ஜிகினா கிடையாது. கறுத்த, முறுக்கேறிய, வெயில் பட்ட உடம்புகள். செங்கத்துப் பக்கம் நடுகல்லில் வில்லோடும் வாளோடும் பாய்ந்து நிற்கும் வீரர்களை நினைவூட்டுபவை. செஞ்சியிலிருந்து நடுகல் நாடு தூரமில்லை. ஆனால் பத்திரிகை ஓவியம் அந்தத் தூரத்தைக் கடக்க இத்தனை காலம் ஆனது.

மறுபடி செஞ்சிக்கே வரலாம். 2025 ஜூலையில் மராத்தியரின் படைத்தலங்கள் என்ற வரிசையில் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதன்பின் கோட்டையின் ராஜகிரி மலையைப் படம் பிடிக்காத கேமரா இல்லை. தேசிங்கைத்தான் காணவில்லை. தேஜ்சிங் என்ற அந்தப் புந்தேல இளைஞன் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி 1714இல் மாண்டபோது வயது இருபத்திரண்டு அளவில்தான். நண்பன் மகபத்கானும் அதே போரில் வீழ்ந்தான். பாட்டில் இது போர் மட்டுமில்லை. டில்லி பாதுஷாவின் கொட்டடியில் யாருக்கும் அடங்காமல் நிற்கும் பாராசாரி என்ற குதிரை. அதை அடக்க முடியாமல் சிறைப்பட்ட தகப்பன். அவனை மீட்கச் சின்னப் பையன் ஏறி உட்கார, வானத்தில் எழும்பும் குதிரை. கற்பனைச் சித்திரக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இருந்தும் தேசிங்கு என்றதும் மூத்தவர்களுக்கு நினைவு வருவது 1960ஆம் ஆண்டுப் படத்தின் எம்.ஜி.ஆர். முகம். அதற்கு முன்னால் கொண்டித்தோப்பு மரக்கட்டை. விக்கிரமனுக்குச் சங்கர் கொடுத்ததைப் போல, வந்தியத்தேவனுக்கு மணியம் கொடுத்ததைப் போல, தேசிங்குக்கு ஒரு தோளும் பாராசாரிக்கு ஒரு முழங்காலும் எவருடைய கோட்டிலும் இன்னும் நிலைபெறவில்லை. செட்டிக்குளக் கரையில் அவனை எரித்த இடத்தைக் காட்டுகிறார்கள். குளத்துக்கு மேலே பாறைகள் ஒன்றன் மேல் ஒன்றாக உருண்டு நிற்கின்றன, வரைவதற்குத் தயாராக.

பெரிய எழுத்துப் புத்தகத்தில் அந்தக் குதிரை எப்படி வரையப்பட்டிருக்கிறது, கட்டை எப்படிச் செதுக்கப்பட்டது, எந்த மரம், எந்த உளி என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)